உங்களுக்குத் தெரியுமா? கோப்பி ஆறுமுன் ஒரு காலப் பயணம்

கடந்த காலத்துக்குப் போய் வருவதைப் பற்றி ஜப்பானில் இருந்து மென்மையான ஒரு நாவல் வந்திருக்கிறது. வன்னியில் இருந்து வாசிப்பவருக்கு அதன் கதைகள் அந்நியமாகத் தெரியாது. ஓமந்தைச் சாவடி, ஆடி அமாவாசை, வைகாசிக் கஞ்சி என்று நம் பக்கத்துச் செய்திகள் பலவும் அந்த நாவலோடு சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. அவற்றின் தொகுப்பு இது.

மேடையில் பிறந்த நாவல்

தொஷிகாசு கவாகுச்சி 1971இல் ஒசாக்காவில் பிறந்தவர். நாடகம் எழுதுவதும் நெறியாள்கை செய்வதும் அவருடைய தொழில். ‘கோஹீ கா சமேனாய் உச்சி நி’ என்ற அவருடைய கதை முதலில் மேடையில்தான் நடந்தது. ‘கோப்பி ஆறுமுன்’ என்பது அதன் பொருள். டோக்கியோவின் சுகினாமி நாடக விழாவில் பெரும்பரிசு பெற்ற அந்த நாடகம் 2015இல் நாவலாகியது, 2018இல் படமாகியது, 2019இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு உலகம் சுற்றியது. கதை ஏறக்குறைய ஒரே அறைக்குள் நடக்கிறது. கதவு மணி ஒலிக்க ஒருவர் வருவார், ஒருவர் போவார். நாடகமாக இருந்த காலத்தின் மிச்சம் அது.

இருக்கை ஒன்று, நிபந்தனை பல

டோக்கியோவில் ஒரு சந்து. நிலத்துக்குக் கீழே யன்னல் இல்லாத சின்னக் கோப்பிக் கடை. அங்கே குறிப்பிட்ட ஒரு கதிரையில் இருந்தால் விரும்பிய காலத்துக்குப் போகலாம். ஆனால் அந்தக் கடைக்கு வந்து போனவர்களை மட்டுமே சந்திக்கலாம். கதிரையை விட்டு எழும்பக் கூடாது. வார்த்த கோப்பி ஆறுவதற்குள் குடித்து முடித்துத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாத வெள்ளைச் சட்டைப் பெண் ஒருத்தி ஆவியாகி அதே கதிரையில் இருந்து புத்தகம் வாசிக்கிறாள். நாளுக்கு ஒரு தடவை அவள் எழும்பிப் போகும் சிறு இடைவெளியில்தான் மற்றவருக்கு இடம் கிடைக்கும். எல்லாவற்றிலும் கடுமையான நிபந்தனை ஒன்று உண்டு: போனவர் அங்கே என்ன செய்தாலும் இன்றைய நிலைமை மாறாது.

அப்படியென்றால் ஏன் போக வேண்டும்?

நாவலில் வரும் கோதாக்கே ஒரு தாதி. அவளுடைய கணவன் ஃபுசாகிக்கு மறதி நோய். மனைவி என்பதையே மறந்துவிட்டார். நோய் முற்றுமுன் அவர் தனக்கு எழுதிய கடிதம் ஒன்று கொடுபடாமல் கிடக்கிறது என்று அறிந்து, அதைக் கேட்டு வாங்கவே அவள் அந்தக் கதிரையில் இருக்கிறாள். தாதியாகத் தன்னைப் பராமரிப்பதை அவர் விரும்பவில்லை. மனைவியாக இருந்தால் போதும் என்பதே கடிதத்தின் சாரம். அவள் திரும்பி வந்தபோதும் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அதுவரை பிறந்த வீட்டுப் பெயரால் தன்னை அழைக்கச் சொன்னவள், அன்று முதல் கணவரின் பெயரால் அழைக்கச் சொல்கிறாள். நோய் அப்படியே இருக்கிறது. அறியாதிருந்த ஒன்றை அறிந்ததால் அவள் வாழும் விதம் மாறிவிட்டது.

மூன்று மணிக்கூடுகள்

அந்தக் கடையின் சுவரில் பழைய மணிக்கூடுகள் மூன்று தொங்குகின்றன. மூன்றும் மூன்று நேரம் காட்டும். புதிதாக வருபவர் எந்த நேரம் சரி என்று குழம்புவார்.

ஜப்பானிய நாவலாசிரியர் கற்பனை செய்தது வன்னி வாசலில் நான்கு வருடங்கள் உண்மையாகவே நடந்தது.

ஓமந்தையில் அரை மணித்தியாலம்

1996இல் நாட்டில் கடும் மின்தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தும் நோக்கோடு அரசாங்கம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றம் எதையும் ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது ஒரே வீதியில் இரண்டு நேரம் ஓடத் தொடங்கியது.

தெற்கிலிருந்து வருபவர் ஓமந்தையில் பயணப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இராணுவத்தின் சோதனையை முடித்து, செஞ்சிலுவைச் சங்கத்தார் நின்ற இடைவெளியைக் கடந்து, புலிகளின் சாவடிக்குப் போவார். இந்தப் பக்கம் 10 மணி என்றால் அந்தப் பக்கம் 9.30. யாழ்ப்பாணம் போகிறவர் முகமாலையில் மறுபடி புதிய நேரத்துக்குள் புகுந்து, கிடைத்த அரை மணியைத் திருப்பிக் கொடுப்பார். சிலர் சாவடியிலேயே மணிக்கூட்டு முள்ளைத் திருகினார்கள். சிலர் திருகாமல் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.

புதிய நேரமோ, பழைய நேரமோ?

கலியாண முகூர்த்தமா, சாமத்திய வீடா, செத்த வீடா, எதற்குப் போவதென்றாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அன்றைக்கு வெளிக்கிட முடியாது. ‘நேரம் என்ன?’ என்று கேட்டவருக்கு விடை ஒன்றும் கேள்வி ஒன்றுமாகத் திரும்பி வரும்.

அசையாத முள்

2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை அடுத்து, இலங்கை முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. வன்னியில் யாரும் முள்ளைத் தொடவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு நாடு வந்து வன்னியின் நேரத்தோடு சேர்ந்தது. அந்த ஒற்றுமையும் நிலைக்கவில்லை. அதே வருடம் ஓகஸ்ட் 11ஆம் திகதி சண்டை மூண்டு ஏ-9 மூடப்பட்டது. நேரம் ஒன்றாகிய நான்கே மாதத்தில் பாதை இரண்டாகியது.

விண்வெளி எழுத்தாளரின் ஆட்சேபம்

அந்த 2006 மாற்றம் வேண்டாம் என்றவர்களில் கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். கிரீன்விச்சோடு முழு மணிக் கணக்கில் வித்தியாசம் இருந்தால் உலகத்தோடு நேரம் பார்ப்பது இலகு என்பது அவருடைய வாதம். இலங்கை நேரத்தை மாற்றியது அதுவே முதல் தடவையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இரண்டு கட்டமாக முன்னே தள்ளி, 1945இல் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பற்றரி இல்லாத வருடங்கள்

1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. பற்றரியில் ஓடும் சுவர் மணிக்கூட்டுக்கு அந்தத் தடையைவிடப் பெரிய எதிரி இல்லை. வானொலி கேட்க மட்டும் சனங்கள் வழி கண்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுழற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை பேசியது. சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி செருகிய விளக்கில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது.

கடை திறந்த காலத்தில் செத்த தோட்டம்

நாவலின் கோப்பிக் கடை 1874இல் திறக்கப்பட்டது என்கிறார் ஆசிரியர். அந்தக் காலத்தில் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. இலைத்துரு நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தை அறிவியல் உலகம் முதன்முதலில் விவரித்தது 1869இல். அதற்கு மாதிரி போனது இலங்கையிலிருந்து. இருபது வருடங்களுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. அதுவரை உலகின் பெரிய கோப்பி நாடுகளில் ஒன்றாக இருந்தது இந்தச் சின்னத் தீவு.

காட்டுவழி நடந்தவர்கள்

அந்தக் கோப்பியைப் பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் கொலராவாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் வவுனியாவை மையமாக வைத்து அவர்களுக்குக் காணியும் கிணறும் பள்ளியும் தேடிக் கொடுத்தது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இன்று வன்னியில் ஒரு கோப்பை கோப்பி குடிக்கும் மலையக வம்சத்தவர் ஒருவரின் குடும்பக் கதையில் இந்த நூற்றைம்பது வருடமும் அடங்கியிருக்கிறது.

கிளிநொச்சிக் கோப்பி மெல்ல ஆறும்

சூடான பொருளுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய, ஆறும் வேகமும் குறையும். நியூட்டன் கண்ட விதி இது. 80 பாகையில் வார்த்த கோப்பி 40 பாகைக்கு வந்தால் ஆறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோவில் குளிர்கால அறை 10 பாகை. கிளிநொச்சியில் சித்திரை மாத நிழல் 32 பாகை. அதே கோப்பை, காற்றோட்டம் இல்லாத இடம் என்று கணக்குப் போட்டால், கிளிநொச்சிக் கோப்பி ஆற எடுக்கும் நேரம் டோக்கியோவைப்போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூட. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த நம் வீட்டுக் கோப்பியை அந்தக் கதிரைக்குக் கொண்டுபோனால் பேசக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

எரிமலையில் ஏறிய பாட்டு

நாவலின் கோப்பிக் கடையின் பெயர் ‘ஃபூனிகுலி ஃபூனிகுலா’. 1880இல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைக்குக் கம்பிவட ரயில் விட்டதைக் கொண்டாட லூயிஜி டென்சா இசையமைத்த பாட்டின் பெயர் அது.

எட்டு இலட்சம் வருடமும் ஒரு கோப்பையும்

காலப் பயணக் கதைகளுக்கு இயந்திரத்தைக் கொடுத்தவர் எச். ஜி. வெல்ஸ். 1895இல் வந்த அவருடைய நாவலின் பயணி 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறான். மனித குலத்தின் முடிவை நோக்கிய பயணம் அது. கவாகுச்சியின் ஆட்கள் போவது சில நாட்களுக்கோ வருடங்களுக்கோதான். உலகத்தைக் காப்பாற்ற அவர்களில் ஒருவரும் போகவில்லை. தங்கையிடம் பேசாமல் விட்ட பேச்சை, காதலனிடம் கேட்காமல் விட்ட கேள்வியை முடித்துக்கொண்டு வரவே போகிறார்கள்.

யாரும் வராத விருந்து

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் 2009 ஜூன் 28ஆம் திகதி கேம்பிரிட்ஜில் ஒரு விருந்து வைத்தார். அழைக்கப்பட்டவர்கள் எதிர்காலத்திலிருந்து வரக்கூடிய காலப் பயணிகள். விருந்து முடிந்த பிறகே அழைப்பை வெளியிட்டார். காலப் பயணம் முடியுமென்றால் பிற்காலத்தில் அழைப்பைக் கண்டவர்கள் அந்த நாளுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை.

அதே நாளில் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம் தொகுதி முள்வேலிக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்திருந்தது. ஆறு கிழமைகளுக்கு முன், போரின் கடைசி நாட்களுக்குப் போய் ஒருவரையாவது கையில் பிடித்து இழுத்து வந்துவிட முடியாதா என்று நினைக்காதவர் அங்கே யார் இருந்திருப்பார்? அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

நோவிகோவின் விதி

கடந்த காலத்துக்குப் போக முடிந்தாலும், நடந்த எதையும் மாற்ற முடியாது. போனவர் செய்வதும் நடந்ததன் பகுதியாகவே இருக்கும். ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980களில் இப்படி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கோப்பிக் கடையின் கடும் நிபந்தனையும் அவருடைய கோட்பாடும் வந்து நிற்கும் இடம் ஒன்று.

ஆமை முதுகில் போன மீனவன்

சிறுவர்கள் துன்புறுத்திய ஆமையைக் காப்பாற்றிய உராஷிமா தாரோ என்ற மீனவன், அந்த ஆமையின் முதுகில் ஏறிக் கடலடி மாளிகைக்குப் போனான். சில நாள் கழித்துக் கரைக்கு வந்தால் ஊரில் முந்நூறு வருடம் போய்விட்டது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஜப்பானில் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. பாகவதத்திலும் இதன் சாயல் உண்டு. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன ககுத்மி மன்னன், ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்து திரும்பியபோது பூமியில் யுகங்கள் கடந்திருந்தன. பிறகு ரேவதி பலராமரை மணந்தாள்.

திருத்த முடியாத தீர்ப்பு

கடந்ததைத் திருத்த முடியாமையைப் பற்றித் தமிழில் எழுந்த மிகப் பெரிய கதை கண்ணகியின் கதை. தவறான தீர்ப்பு என்று தெரிந்த கணத்தில் பாண்டியனால் செய்ய முடிந்தது உயிர் விடுவது ஒன்றே. கோவலன் திரும்பி வரவில்லை. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணிந்து வந்து தங்கிய இடம் முல்லைத்தீவு நந்திக்கடலோரத்து வற்றாப்பளை என்பது ஊர் நம்பிக்கை. வைகாசிப் பொங்கலில் கடல் நீரை எடுத்துவந்து அந்த நீரிலேயே அங்கு விளக்கெரிப்பார்கள். நீதி கேட்டு வந்த ஒரு பெண்ணின் கோயிலாகவே வன்னி சனம் அதை இன்றும் கும்பிடுகிறது.

வெள்ளரிக் குதிரையும் காத்தோட்டிக்காயும்

ஜப்பானில் ஓபோன் நாட்களில் செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்று நம்புகிறார்கள். வெள்ளரிக்காயில் நான்கு குச்சி குத்திக் குதிரை செய்வார்கள், அவர்கள் விரைவாக வர. கத்தரிக்காயில் குச்சி குத்தி மாடு செய்வார்கள், மெதுவாகத் திரும்பிப் போக.

நமக்கு ஆடி அமாவாசையும் சித்திராப் பௌர்ணமியும். தகப்பனை இழந்தவர் ஆடியில் விரதமிருந்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு படைத்துவிட்டே சாப்பிடுவார். தாயை இழந்தவருக்குச் சித்திரைக் கஞ்சி. செத்தவருக்கென்று வருடத்தில் ஒரு வேளை உணவை ஒதுக்கி வைத்த இரண்டு சமூகங்கள் இவை.

காற்றுக்குப் பேசிய தொலைபேசி

ஜப்பானின் ஒட்சுச்சி என்ற கடலோர ஊரில் இத்தாரு சசாகி என்பவர் 2010இல் தன் தோட்டத்தில் வெள்ளைத் தொலைபேசிக் கூண்டு ஒன்றை வைத்தார். உள்ளே இருந்த கருவியில் இணைப்பு இல்லை. இறந்துபோன உறவினரோடு பேச அவர் கண்ட வழி அது. 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை அந்த ஊரை அழித்த பிறகு அந்தக் கூண்டை எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் வந்து இலக்கத்தைச் சுழற்றி, காணாமற் போன பிள்ளையிடமும் மனைவியிடமும் பேசிவிட்டுப் போனார்கள்.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, முல்லைத்தீவுக் கரையையும் கடல் எடுத்தது. அடுத்த ஐந்து வருடத்துக்குள் அதே கரைக்குப் போரின் கடைசி நாட்களும் வந்தன. அலைக்குக் கொடுத்தவர்களுக்கு அழுது முடிக்கக்கூட அந்த ஊருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

வெந்நீர் ஊற்று நகரில் ஒரு மேசை

டோக்கியோவுக்கு அருகே ஹக்கோனே என்ற வெந்நீர் ஊற்று நகரம் இருக்கிறது. 2003 மார்ச்சில் இலங்கை அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஆறாம் சுற்றுப் பேச்சுக்காக அமர்ந்த இடம் அது. அடுத்த மாதம் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். ஜூன் மாதம் டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டொலர் உதவி வாக்களிக்கப்பட்டபோது அவர்களுடைய கதிரை வெறுமையாக இருந்தது. ஜப்பானின் சிறப்புத் தூதுவர் யசூசி அகாசி கிளிநொச்சிக்கும் வந்து பேசினார். வரலாற்றில் திரும்பிப் போய் இருக்க ஒரு கதிரை கிடைக்குமென்றால், வன்னியில் பலர் அந்த மேசையைத்தான் காட்டுவார்கள்.

நிலத்துக்குள் கிடக்கும் கடந்த காலம்

முகமாலை இலங்கையின் மிக நெருக்கமான கண்ணிவெடி வயல்களில் ஒன்று. அங்கே ஒரு கண்ணிவெடியை எடுப்பவர் முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டுவார். அவசரப்பட்டால் கால் போகும், உயிரும் போகும். அந்த வேலையில் வன்னிப் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு வேலைகளுக்குப் பணம் கொடுத்த நாடுகளில் ஜப்பானும் ஒன்று. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017இல்.

இருபத்துமூன்று வருடம் பிந்திய ரயில்

1956இல் ஓடத் தொடங்கிய யாழ் தேவி 1990இல் வன்னியில் நின்றது. கிளிநொச்சி நிலையத்துக்கு மறுபடி ரயில் வந்தது 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி. அன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்த தாய்மார் சிலர், தாங்களே ரயிலைக் காணாமல் வளர்ந்தவர்கள்.

தண்ணிமுறிப்புக்கு ஒரு பயணச்சீட்டு

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவின் தண்ணிமுறிப்பு அதன் களம். காட்டோடு வளர்ந்த பதஞ்சலி அதன் நாயகி. 1984இல் அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள் விரட்டப்பட்டன. குளமும் காடும் வயலும் இருந்த ஒரு வாழ்க்கை கலைந்துபோனது. அங்கே பிறக்காத பிள்ளைக்கும் அந்த ஊரின் காலையைக் காட்ட இன்று அந்தப் புத்தகம் இருக்கிறது. காலப் பயணத்துக்கு வன்னியில் கிடைக்கும் நம்பகமான வண்டி நாவல்தான்.

வெள்ளியைவிட வெண்கலம் சந்தோஷம்

1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் வென்றவர்களின் முகங்களை உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றாம் இடம் வந்தவர்கள் இரண்டாம் இடக்காரரைவிடச் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெள்ளி பெற்றவர் கைதவறிய தங்கத்தை நினைக்கிறார். வெண்கலம் பெற்றவர் பதக்கமே இல்லாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறார். அந்த ஆய்வைச் செய்த மெட்வெக்கும் கிலோவிச்சும் 1995இல் இன்னொன்றையும் சொன்னார்கள்: கிட்டிய நாட்களில் செய்த காரியத்துக்காக வருந்துகிறோம், காலம் போகப் போகச் செய்யாமல் விட்டதற்காகவே கூடுதலாக வருந்துகிறோம்.

வட்டுவாகலில் விட்ட கை

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த குடும்பங்கள் பல, பிள்ளையையும் கணவனையும் இராணுவத்திடம் தாங்களே ஒப்படைத்தன. விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள். என் கையாலேயே கொடுத்தேனே என்ற வார்த்தையை வன்னித் தாய்மார் இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுகிறார்கள்.

இழந்தவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துயரத்தை அமெரிக்க உளவியலாளர் பவுலின் பொஸ் தனியாக வகைப்படுத்தினார். முடிவு இல்லாததால் ஆறாத துயரம் அது. எட்டுச் செலவு செய்ய முடியாது, அந்தியேட்டி செய்ய முடியாது, பொட்டை அழிப்பதா வைப்பதா என்று முடிவெடுக்க முடியாது. வன்னி மக்களின் கூட்டு மனவடுவை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர்கள் கேட்பது

கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவில் பெப்ரவரி 24. முல்லைத்தீவில் மார்ச் 8. விடை தெரியாமலே கண்மூடிய பெற்றோர் பலர்.

கோப்பிக் கடையின் கதிரைக்கு வந்தவர்களைப்போல, இந்தத் தாய்மாரும் நடந்ததை மாற்றித் தா என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்று சொல் என்கிறார்கள். கோதாக்கேவுக்குத் தன் கடிதத்தைக் கேட்டு வாங்க ஒரு மாயக் கதிரை தேவைப்பட்டது. வன்னித் தாயின் கடிதம் மனிதர்களின் கையில் இருக்கிறது. பட்டியலாக, பதிவேடாக, வாக்குமூலமாக இருக்கிறது. அதைக் கொடுக்க மாயம் தேவையில்லை, மனம் வேண்டும். நம்பிக் கொடுத்த தாயின் மீது எந்தக் குற்றமும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டவர்களே.

உப்பும் அரிசியும்

போரின் இறுதி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்தது தண்ணீரில் அரிசியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. தேங்காய்ப்பால் இல்லை, பயறு இல்லை. அதற்கும் வரிசை, வரிசையில் நின்றவர்கள் மேல் ஷெல். இப்போது ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்துக் கொடுக்கிறார்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஆயிரம் பக்கம் சொல்லாததை அந்த ஒரு மிடறு சொல்லிவிடும்.

இன்றைக்கே கேட்கக்கூடியவை

ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. புத்தகங்களோடு வாய்மொழி வரலாறுகளையும் அது சேர்க்கிறது. ஆனால் உங்கள் அம்மம்மாவின் கதை அங்கே தானாகப் போய்ச் சேராது. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, பக்கத்தில் இருந்து கேளுங்கள்: முதல் இடம்பெயர்வு எந்த வருடம்? எந்தக் குளத்து வயல்? எந்தெந்த ஊரில் கொட்டில் போட்டீர்கள்? கடைசிவரை தூக்கி வந்த பொருள் என்ன? விட்டு வந்தது என்ன? யாரிடம் என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனது? அவர் பேசட்டும், இடைமறிக்காதீர்கள். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் எழுத்துப் பிழையின்றிக் குறித்து வையுங்கள். காணாமற் போனவர் வீட்டில் இருந்தால் கடைசியாகக் கண்ட இடம், நாள், கூட நின்றவர் யார் என்பதையும் எழுதுங்கள். நாளைக்கு ஒரு விசாரணை மேசையில் அது சாட்சியமாகும். இந்த வேலைக்கு விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. சொல்ல வேண்டியவர் இன்னும் வீட்டில் இருக்கிறார்; கேட்க வேண்டியவர் நீங்கள்.